இறால் எங்கே போச்சு? (மிஸ் மார்ப்பிள் பிறந்த கதை)

அகதா கிறிஸ்டின்னா உடனே முட்டைத்தலை, மீசை, ஹெர்க்யூல் பாய்ரோதான் நம்ம மக்களுக்கு ஞாபகம் வரும். எனக்கு ஓட்டு எப்பவுமே கம்பளி பின்னிக்கிட்டு மூலையில உட்கார்ந்திருக்கிற அந்தக் கிழவிக்குத்தான். அவங்க எப்படிப் பிறந்தாங்கன்னு பார்த்தா, அதுவே ஒரு சின்ன மர்மக்கதை மாதிரி இருக்கு. (கொலைகாரன் யாருன்னு எந்தக் கதைக்கும் சொல்லமாட்டேன், தைரியமா படிங்க.)

1926-ல 'ரோஜர் அக்ராய்ட் கொலை' நாவல் வந்துச்சு. அதுல கதை சொல்ற டாக்டருக்கு கரோலின்னு ஒரு அக்கா. கல்யாணம் ஆகாதவங்க. வீட்டை விட்டு நகராமலே ஊர்ச் சேதி மொத்தமும் அவங்க காதுக்கு வந்துடும். பால்காரர், வேலைக்காரப் பெண், பக்கத்து வீடுன்னு தனி உளவுப்படையே வச்சிருப்பாங்க. கிறிஸ்டிக்கு அந்த நாவல்லயே ரொம்பப் பிடிச்ச பாத்திரம் இவங்கதான்.

அந்த நாவலை மைக்கேல் மார்ட்டன் 'அலிபை'ங்கிற பேர்ல நாடகமாக்கினார். பாய்ரோவுக்கு இருபது வயசைக் குறைச்சு, பொண்ணுங்க எல்லாம் அவர் பின்னாடி சுத்தற மாதிரி பண்ணலாம்னு முதல்ல யோசனை சொன்னாராம். (நம்ம கோடம்பாக்கம் மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன் :-)) கிறிஸ்டி பிடிவாதமா தடுத்துட்டாங்க. ஆனா கரோலினைக் காப்பாத்த முடியலை. நடுவயசு அக்கா போய், அந்த இடத்துல அழகான இளம்பெண் வந்துட்டா. அந்த வருத்தத்துலதான் மிஸ் மார்ப்பிள் உருவானதுன்னு தன் சுயசரிதையில (1977) எழுதியிருக்காங்க.

தேதி மட்டும் கொஞ்சம் இடிக்கும். நாடகம் மேடை ஏறியது 1928 மே மாசம். மிஸ் மார்ப்பிள் வர்ற முதல் சிறுகதை 'ராயல் மேகஸீன்'ல வந்தது 1927 டிசம்பர். அப்ப நாடகத்தை எழுதும்போதே இந்தச் சண்டை நடந்திருக்கணும்.

இன்னொரு வேர், கிறிஸ்டியோட பாட்டி. யாரா இருந்தாலும் மோசமானதையே எதிர்பார்ப்பாங்களாம், பயமுறுத்தற அளவுக்கு அது பலிச்சுடுமாம். பாட்டியோட ஈலிங் தோழிகள் சாயலும் மார்ப்பிள்கிட்ட உண்டு. பேர், செஷயர் பக்கம் இருந்த மார்ப்பிள் ஹால்ங்கிற பழைய மாளிகையில இருந்து வந்தது. அங்கே ஒரு ஏலத்துக்குப் போயிருக்காங்க.

அந்தக் காலத்தையும் பார்க்கணும். முதல் உலகப்போருக்கு அப்புறம், 1921 கணக்கெடுப்புல இங்கிலாந்து, வேல்ஸ்ல ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல அதிகம். 'உபரிப் பெண்கள்'னு பத்திரிகைகள் எழுதுச்சு. மனுஷியைப் போய் உபரின்னு! கல்யாணம் ஆகாத பெண்ணுன்னா கேலி, வயசும் ஆகிட்டா யார் கண்ணுலயும் படமாட்டாங்க.

இந்த நிலைமையைக் கவனிச்சது கிறிஸ்டி மட்டும் இல்லை. 1897-லயே அமெரிக்காவுல ஆன்னா கேத்தரின் கிரீன், அமீலியா பட்டர்வொர்த்னு ஒரு மூத்த துப்பறிவாளரை எழுதிட்டாங்க. 1927-ல டோரதி சேயர்ஸோட மிஸ் கிளிம்ப்சன் வந்தாங்க, 1928-ல பேட்ரீஷியா வென்ட்வொர்த்தோட மிஸ் சில்வர். ஆனா ஒரு கிராமத்தையே துப்பறியற கருவியா மாத்தினதுலதான் கிறிஸ்டியோட கெட்டிக்காரத்தனம் இருக்கு.

ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். இதுதாங்க மார்ப்பிள் முறை. முதல் கதையில எல்லாரும் பெரிய பெரிய மர்மம் பேசும்போது, இவங்க ஊர்ல ஒருத்தர் வாங்கின உரிச்ச இறால் காணாமப் போனதைப் பத்திச் சொல்வாங்க. கூட்டம் சிரிக்கும். கடைசியில விடை கண்டுபிடிக்கறது இவங்கதான். செயின்ட் மேரி மீட் ஒரு தேங்கின குட்டைன்னு எழுத்தாளரான மருமகன் ரேமண்ட் வெஸ்ட் கிண்டல் பண்ணுவார். அந்தக் குட்டைத் தண்ணில ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாருப்பா, எவ்வளவு உயிர் துடிக்குதுன்னு தெரியும்கிற மாதிரி பதில் வரும்.

1930-ல வந்த முதல் நாவல்ல மார்ப்பிள் கொஞ்சம் விஷமமான வம்புக்கிழவி. போகப்போக கிறிஸ்டி அவங்களைக் கனிய வச்சாங்க. ஊரையும் உறைஞ்சு நிக்க விடலை. 1950-ல வந்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு'ல போருக்கு அப்புறம் கிராமத்துக்கு வந்திருக்கிறவங்க நிஜமா யாரு என்னன்னு யாருக்கும் தெரியாது. முன்னாடி மாதிரி தெரிஞ்சவங்க கடிதத்தோட யாரும் வர்றதில்லை. சொன்ன பேரை நம்ப வேண்டியதுதான். 1962-ல வந்த நாவல்ல புதுக் குடியிருப்பும் சூப்பர் மார்க்கெட்டும் ஊருக்குள்ள வந்தாச்சு. தோட்ட வேலை செய்யக்கூடாதுன்னு டாக்டர் தடை போட்ட கிழவி, துணைக்கு வச்ச அம்மாவை ஏமாத்திக் கடைக்கு அனுப்பிட்டு, அந்தக் குடியிருப்பை வேடிக்கை பார்க்கக் கிளம்புற இடம் இருக்கே... ஆஹா!

ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். மார்ப்பிளுக்குப் பதவி கிடையாது, அதிகாரம் கிடையாது. போலீஸ்காரங்க காது கொடுக்கணும்னா ஸ்காட்லாந்து யார்டுல பெரிய பதவியில இருந்து ஓய்வு பெற்ற சர் ஹென்றி கிளிதரிங் மாதிரி ஒரு ஆம்பிளை 'இவங்க சொல்றதைக் கேளுங்க'ன்னு சிபாரிசு பண்ண வேண்டியிருக்கு. மூளை அவங்களோடது, நம்பிக்கை மட்டும் கடன்! கிறிஸ்டி இதை மறைக்கலை. யாரும் மதிக்காததையே அவங்களோட ஆயுதமா மாத்திட்டாங்க. கிழவி முன்னாடிதானேன்னு கொலைகாரன் வாயை விடுவான்.

மொத்தம் 12 நாவல், 20 சிறுகதை. பிறக்கும்போதே 65, 70 வயசுன்னு வச்சுட்டதால கிறிஸ்டி பின்னாடி முழிச்சிருக்காங்க. கிட்டத்தட்ட அம்பது வருஷம் ஓட்ட வேண்டியதாப் போச்சே! 1946-லயே ஜோன் ஹிக்சன்கிற நடிகைக்கு, ஒருநாள் நீங்க மார்ப்பிளா நடிக்கணும்னு எழுதினாங்க. கிறிஸ்டி 1976-ல போயிட்டாங்க. 1984-ல பிபிசி தொடர் ஆரம்பிச்சப்போ ஹிக்சனுக்கு 78 வயசு. 1992 வரைக்கும் 12 நாவல்லயும் அவங்களே நடிச்சு முடிச்சாங்க.

மேடையில கரோலினைத் தூக்கிட்டு இளம்பெண்ணைப் போட்டவங்களுக்கு இதைவிட நல்ல பதில் என்ன இருக்கு, சொல்லுங்க?