மிகத் தொடக்கநிலைக் கருச்சிதைவு

கரு கருப்பையில் ஒட்டிய சில நாள்களிலேயே, ஸ்கேனில் எதுவும் தென்படுமுன் கலைந்துபோவது மிகத் தொடக்கநிலைக் கருச்சிதைவு எனப்படும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் இது பெரும்பாலும் ஐந்தாறு வாரங்களுக்குள் நேர்கிறது. கரு ஒட்டியதும் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் இரத்தத்திலோ சிறுநீரிலோ தலைகாட்டி மறைவது ஒன்றே இதற்குச் சான்று. வீட்டுச் சோதனை அட்டை வருவதற்கு முன், நாள் தள்ளிப்போய்த் தூரம் வந்ததாகவே பெண்கள் இதை எண்ணியிருப்பர்.

இது அரிதன்று. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்துச் சோதித்தனர். உண்டான கர்ப்பங்களில் 22 விழுக்காடு, வெளியே தெரியுமுன்பே கலைந்திருந்ததை 1988இல் அறிவித்தனர்.

முதன்மைக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை. கருவுக்கு 46க்குப் பதில் 45 அல்லது 47 குரோமோசோம்கள் அமைந்துவிடுகின்றன. இப்பிழை பெரும்பாலும் சினைமுட்டையில் தொடங்குகிறது. பெண் சிசு தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் சினைமுட்டைகள் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். மீதிப் பிரிவு பல்லாண்டு கழித்தே நடக்கும். காத்திருப்பு நீளநீளப் பிழையும் பெருகும். 35 வயதுக்குமேல் கருச்சிதைவு கூடுவது முக்கியமாக இதனால்தான்.

கரு ஒட்டும் நாளுக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்புண்டு. வில்காக்ஸ் குழுவின் 1999ஆம் ஆண்டு ஆய்வில், சினைமுட்டை வெளிப்பட்ட ஒன்பது நாளுக்குள் ஒட்டியவற்றில் 13 விழுக்காடும், 11ஆம் நாள் ஒட்டியவற்றில் 52 விழுக்காடும் கலைந்தன. தாமதமே காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட இயலாது. நலிந்த கரு தாமதமாக ஒட்டவும் கூடும். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்டிரோனின் குறைவுக்கும் இது பொருந்தும்: கரு நலிந்தால் எச்.சி.ஜி. குறையும், அதைத் தொடர்ந்து புரோஜெஸ்ட்டிரோனும் இறங்கும்.

கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம், இரத்தம் எளிதில் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் ஆகியவையும் கருச்சிதைவு வாய்ப்பைக் கூட்டும்.

பப்பாளி தின்றாள், பஸ்ஸில் போனாள் என்று பெண்மீது பழி போடுவது நம் வீடுகளில் வழக்கம். குரோமோசோம் பிழையோ கருவுறும் வேளையிலேயே அமைந்துவிடுவது. பின்னர்த் தின்றதும் போனதும் அதை உண்டாக்கா.

ஒருமுறை கலைந்தால் பொதுவாக விரிவான சோதனை தேவைப்படாது. இரண்டு மூன்று முறை நேர்ந்தால் காரணம் தேடுவர். ஆனால் சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தபின் அடிவயிற்றில் ஒருபக்கம் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி வந்தால் அது கருக்குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.