வேட்டையும் விரல்நுனியும்

உழவைக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதன் வேட்டையைக் கற்றான். வயிற்றுக்காக வேட்டையாடும் நிலை மாறிய நாடுகளிலும் வேட்டைக் கதைகள் மட்டும் மறையவில்லை. ஜப்பானில் கி.பி. 712ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற ‘கோஜிகி’ என்னும் பழம்பெரும் நூல், சுசானோ என்னும் தேவன் எட்டுத் தலைப் பாம்பை வென்ற கதையைக் கூறுகிறது. அவன் தோள்வலியை மட்டும் நம்பி அப்பாம்பின் எதிரே சென்று நிற்கவில்லை. எட்டு வாயில்கள் அமைத்து, எட்டுத் தொட்டிகளில் கடுமையான மதுவை நிரப்பச் செய்து, அதனைக் குடித்துப் பாம்பு மயங்கிய பின்னரே வாளை உருவினான். மாண்ட பாம்பின் வாலிலிருந்து மற்றொரு சிறந்த வாள் அவனுக்குக் கிடைத்தது. முன்னேற்பாடே வெற்றிக்கு வழி. வென்ற விலங்கே அடுத்த கருவியைத் தரும். இவ்விரு கருத்துகளும் அக்கதையுள் அடங்கியுள்ளன.

ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் கழித்து, அதே நாட்டில் உருவான ஒரு மின்னணு விளையாட்டில் இவ்விரு கருத்துகளையும் மீண்டும் காண்கிறோம். ஒசாகா நகரைச் சேர்ந்த காப்காம் நிறுவனம் 2004ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியிட்ட ‘மான்ஸ்டர் ஹன்டர்’, அதாவது பெருவிலங்கு வேட்டைக்காரன், என்பதே அவ்விளையாட்டு. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கப்படும் ‘பிளேஸ்டேஷன் 2’ என்னும் விளையாட்டுப் பொறிக்காக அது முதலில் ஆக்கப்பட்டது.

இவ்விளையாட்டின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். வேட்டைக்காரன் சிற்றூர் ஒன்றில் தங்கி, வேட்டையர் சங்கத்தில் பணிகளை ஏற்றுக் கொள்கிறான். ஒரு வேட்டைக்குப் பெரும்பாலும் 50 நிமிடங்களே காலவரம்பு. அதற்குள் மூன்று முறை வீழ்ந்துவிட்டால் பணி தோல்வியில் முடியும். விலங்கின் உயிர் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைத் திரையில் எந்த அளவுகோலும் காட்டாது. அது நொண்டி நடப்பதையும், கூட்டை நோக்கி ஓடுவதையும், உறங்கப் போவதையும் கண்டே அறிந்துகொள்ள வேண்டும். வெட்ட வெட்ட வாளின் கூர் மழுங்கும். இடையே நின்று சாணைக் கல்லில் தீட்ட வேண்டும். வென்ற விலங்கின் எலும்பும் செதிலும் கொல்லன் கைக்குச் சென்று அடுத்த வேட்டைக்குரிய வாளாகவும் கவசமாகவும் மாறும்.

இவற்றினும் சிறந்த கூறு ஒன்று உண்டு. இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில், பகைவரைக் கொல்லக் கொல்ல வீரனின் வலிமை தானே பெருகும். ஆடுபவர் திறம் வளர்ந்ததோ இல்லையோ, திரையில் உள்ள உருவம் வளர்ந்துவிடும். இங்கு அவ்வாறு இல்லை. கருவி மேம்படும், கவசம் மேம்படும், ஆனால் வேட்டைக்காரன் தானே வலிமை பெறுவதில்லை. வளர வேண்டியவர் ஆடுபவரே. விலங்கு தலையைத் தாழ்த்தினால் என்ன செய்யும், வாலைச் சுழற்றினால் எங்கு நிற்க வேண்டும் என்பவற்றை அவர் வீழ்ந்து வீழ்ந்துதான் கற்க முடியும்.

இதற்கு நல்லதொரு சான்று உண்டு. தொடக்க வேட்டைகளில் எதிர்ப்படும் ‘யான் குட்கு’ என்னும் பறவை, பெரிய செவிகளும் அகன்ற அலகும் உடையது, ஓடி வந்து மோதும், நெருப்பு உமிழும். அதனை வெல்லத் தெரிந்தவருக்கு அடுத்து வரும் விலங்குகளின் போக்கும் ஓரளவு விளங்கிவிடும். ஆதலால் ஜப்பானிய இளைஞர்கள் அப்பறவைக்கு ‘குக் சென்செய்’ என்று பெயரிட்டனர். ‘சென்செய்’ என்பது அவர்கள் மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் சொல். தம்மைப் பலமுறை வீழ்த்திய பறவையை அவர்கள் ஆசிரியர் என்று அழைத்தது, அத்தோல்விகளில் பாடம் இருந்தமையால் அன்றோ!

தனி மரம் தோப்பாகாது என்பது வேட்டைக்கும் பொருந்தும். நால்வர் சேர்ந்து வேட்டையாட வேண்டும் என்னும் நோக்கம் இவ்விளையாட்டில் தொடக்கம் முதலே இருந்தது. ஆயினும் 2004இல் அதற்கு இணைய இணைப்பும் தனிக் கருவியும் கட்டணமும் தேவைப்பட்டன. இத்தடையை நீக்கியது, கையில் எடுத்துச் செல்லத்தக்க ‘பிஎஸ்பி’ என்னும் சிறு பொறியாகும். 2005 டிசம்பரில் அப்பொறிக்குரிய முதற்பதிப்பு வெளிவந்தது. அருகருகே அமர்ந்தவர்களின் பொறிகள் கம்பியின்றித் தம்முள் இணைந்தன. பள்ளி மாணவர்கள் உணவகங்களிலும் நிலையங்களிலும் கூடி வேட்டையாடினர். 2007இல் வந்த இரண்டாம் பதிப்பு 10 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 2010 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்போ 40 இலட்சத்தையும் கடந்தது. அதில் வரும் வெந்நீர் ஊற்றுச் சிற்றூரைப்போல, நாகானோ மாநிலத்தின் ஷிபு என்னும் உண்மையான வெந்நீர் ஊற்றுச் சிற்றூர் 2011 முதல் விழாக்கோலம் பூண்டது. கற்பனையூரை நாடி மக்கள் உண்மையூருக்குச் சென்றனர்.

எனினும் பிஎஸ்பியில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வேட்டைக்காரனை நடத்தும் குமிழும், பார்வையைத் திருப்பும் பொத்தான்களும் ஒரே இடப்பக்கத்தில் அமைந்திருந்தன. கட்டைவிரலால் நடத்திக்கொண்டே சுட்டுவிரலை நகம்போல் வளைத்துப் பார்வையைத் திருப்ப வேண்டியிருந்தது. இப்பிடிக்கு ஜப்பானியர் ‘மோன்ஹன் மோச்சி’ என்று பெயரே வைத்துவிட்டனர். விரல் நோவ ஆடுவதைச் சிலர் பெருமையாகவும் கருதினர்.

இந்நிலையில்தான் டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியின் காலம் பிறந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் 2010இல் வெளிவந்தது. பிஎஸ்பிக்காக 2008இல் ஜப்பானிலும், 2009இல் ‘ஃப்ரீடம் யுனைட்’ என்னும் பெயரோடு மேலை நாடுகளிலும் வெளியான பதிப்பு, 2014ஆம் ஆண்டில் ஐபேடிலும் ஐபோனிலும் ஆடத்தக்க வகையில் மாற்றி அமைக்கப்பட்டது. கண்ணாடித் திரையில் அழுத்தி உணரும் பொத்தான் ஏது? ஆடுபவரின் விரலே அவர் காண வேண்டிய காட்சியை மறைக்கும். நொடிப்பொழுதில் விலக வேண்டிய வேட்டையை, வழுக்கும் கண்ணாடியின் மேல் எவ்வாறு ஆடுவது என்னும் ஐயம் எழுந்தது இயல்பே.

அதனை ஆக்கியோர் கண்ட வழி சிந்திக்கத்தக்கது. ஒரு தொடுதலில் பார்வை விலங்கின் பக்கம் திரும்புமாறு செய்தனர். விரலை வளைத்து வருந்தும் நிலை தீர்ந்தது. பொத்தான்களை விரும்புவோர் தனிக் கருவியை இணைத்துக்கொள்ளவும் வழி செய்தனர். தொலைவில் இருப்போரும் இணையவழி நால்வராகக் கூடலாம் என்றாயிற்று. ஆனால் விலங்குகளை எளியனவாக்கி வேட்டையின் தன்மையைக் கெடுக்கவில்லை. காலவரம்பும், மூன்று வீழ்ச்சி விதியும், மழுங்கும் வாளும் அவ்வாறே நின்றன. இலவசமாகக் கொடுத்துவிட்டு, உள்ளே வலிமையைக் காசுக்கு விற்கும் கைப்பேசி விளையாட்டுகள் பெருகிய காலம் அது. இதுவோ ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் விளையாட்டாக வந்தது. காசு கொடுத்து நூலை வாங்கலாம். நூலறிவை வாங்க இயலாது என்னும் நிலை இங்குக் காக்கப்பட்டது.

சிரமம் இருவகைப்படும். ஒன்று வீண் சிரமம். மற்றொன்று வேண்டிய சிரமம். விரலை வளைப்பது வீண் சிரமம். விலங்கின் இயல்பை ஆராய்வது வேண்டிய சிரமம். முன்னதை நீக்கிப் பின்னதைக் காப்பதே மேம்பாடு. 2018இல் வெளிவந்து 2 கோடிப் படிகளுக்கு மேல் விற்ற ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்’ என்னும் பதிப்பும் இவ்வழியையே பின்பற்றியது. சாணைக் கல் தீர்ந்துபோகும் கவலையை அது நீக்கியது. நடந்துகொண்டே மருந்து அருந்தவும் இடம் தந்தது. ஆனால் வாளைத் தீட்டும் கடமையையும், விலங்கைக் கற்கும் கடமையையும் நீக்கவில்லை.

2023 செப்டம்பரில் நியான்டிக் நிறுவனம் வெளியிட்ட ‘மான்ஸ்டர் ஹன்டர் நவ்’ வேறொரு வழியில் சென்றது. கைப்பேசியுடன் தெருவில் நடப்போர் எதிர்ப்படும் விலங்கை வேட்டையாடலாம். காலவரம்போ 75 நொடிகளே. இளைஞரை வீட்டுக்கு வெளியே நடக்கச் செய்தது இதன் நன்மை. ஆயினும் 50 நிமிடப் போராட்டத்தில் பிறக்கும் பொறுமையும், திட்டமிடலும், தோழனைக் காக்க விரையும் பரிவும் 75 நொடிகளில் முழுமையாக மலர இயலுமா? வேண்டிய சிரமத்தின் ஒரு பகுதியும் இங்கு வீண் சிரமத்தோடு சேர்த்துக் கழிக்கப்பட்டுவிட்டது என்றே கூறத் தோன்றுகிறது.

விளையாட்டின் வரலாற்றில் விளங்கும் இவ்வுண்மை வகுப்பறைக்கும் உரியது. புதிய கருவிகள் பள்ளிக்குள் நுழையும்போதெல்லாம், அவை மாணவரின் சுமையைக் குறைக்கும் என்று புகழப்படுகின்றன. குறைப்பது நன்றே. ஆயின் எந்தச் சுமையைக் குறைக்கின்றன என்று கேட்பது ஆசிரியரின் கடமையாகும். அகராதியைத் தேடி அலையும் நேரத்தைக் கருவி குறைக்கட்டும். சொல்லின் பொருளை எண்ணிப் பார்க்கும் நேரத்தை அது பறித்தல் கூடாது. பறவையைத் தம் ஆசிரியராக ஏற்ற ஜப்பானிய இளைஞர்கள் கூட, தம்மை எளிதில் வெல்லவிட்ட பறவைக்கு அப்பெயரைச் சூட்டியிருக்க மாட்டார்கள்.