உள்ளே ஒன்றுமில்லாத டைப்

சி++ மொழியின் 1998 தரத்தில் ஐந்து சின்ன ஸ்ட்ரக்டுகள் இருக்கின்றன. எதிலும் ஒரு மாறி கிடையாது, ஒரு ஃபங்ஷன் கிடையாது; அடைப்புக்குறி திறந்த கையோடு மூடிவிடுகிறது. தரவுத் தொகுப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கடக்க உதவும் இட்டரேட்டர்களை இன்புட், அவுட்புட், ஃபார்வர்ட், பைடைரக்ஷனல், ரேண்டம் ஆக்சஸ் என்று வகை பிரிக்கும் டேக்குகள் அவை.

இவற்றின் கதை 1976-இல் சோவியத் யூனியனில் தொடங்குகிறது. பச்சை மீன் தின்று நஞ்சேறி மருத்துவமனையில் நினைவு தடுமாறிக் கிடந்தார் அலெக்சாண்டர் ஸ்டெபனோவ். எண்களைக் கூறுகூறாகப் பிரித்து ஒரே நேரத்தில் கூட்ட முடிவது, எப்படிக் குழு பிரித்துக் கூட்டினாலும் விடை மாறாது என்ற சேர்ப்பு விதி கூட்டலுக்குப் பொருந்துவதால்தான் என்பது அப்போது அவருக்குப் புலப்பட்டது. அப்படியானால் அந்த அல்காரிதத்துக்கு எண்களே தேவையில்லை, அந்த விதி இருந்தால் போதும். ஜெனரிக் புரோகிராமிங்கின் உயிர்நாடி இதுதான். பின்னர் அமெரிக்காவில் டேவிட் மஸ்ஸருடன் ஸ்கீம், ஏடா மொழிகளில் இதை முயன்று பார்த்தார். எச்பி ஆய்வகத்தில் மெங் லீயுடன் சேர்ந்து சி++-இல் எஸ்டிஎல் (ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட் லைப்ரரி) என்ற லைப்ரரியை எழுதினார். 1993 நவம்பரில் சான் ஹோசேயில் தரக்குழுவின் முன் விளக்கினார்; 1994 ஜூலையில் குழு அதை ஏற்றது.

அந்த லைப்ரரியில் இந்த டேக்குகள் என்ன செய்கின்றன? வெக்டரில் பத்து லட்சம் இடம் தள்ளிப் போக முகவரியோடு ஒரு கூட்டல் போதும். லிஸ்டில் அதே தூரத்தைக் கணு கணுவாகத்தான் கடக்க வேண்டும். இட்டரேட்டரை நகர்த்தும் 'அட்வான்ஸ்' ஃபங்ஷனை அழைப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டியதில்லை. உள்ளே அது இட்டரேட்டரின் டேக்கை இன்னொரு ஆர்குமென்டாக அனுப்புகிறது. அந்த டேக்கின் டைப்பைப் பார்த்தே எந்த வழி என்று கம்பைலர் முடிவெடுக்கிறது. ரேண்டம் ஆக்சஸ் டேக் பைடைரக்ஷனலிடமிருந்தும், அது ஃபார்வர்டிடமிருந்தும் மரபுரிமை பெறுவதால், வேகமான வழி இல்லாத இடத்தில் மெதுவான வழி தானாகவே அமைந்துவிடும். நிரல் ஓடும்போது இதற்கென்று தனிச் செலவு எதுவும் இல்லை. இவ்வளவு சிக்கனமான வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. சாதாரண பாயிண்டரும் இட்டரேட்டர்தான், ஆனால் அது கிளாஸ் அல்ல. உன் வகை என்ன என்று கேட்டால் பதில் வைத்துக்கொள்ள அதற்குள் இடமில்லை. எச்பியின் முதல் வடிவம் ஓவர்லோட் செய்த ஃபங்ஷன்களால் சமாளித்தது. 1995-இல் நேதன் மையர்ஸ் எழுதிய கட்டுரை, ட்ரெய்ட்ஸ் என்ற உத்தியைப் பரவலாக்கியது: டைப்பைப் பற்றிய தகவலை டைப்புக்குள் வைக்காமல், பக்கத்தில் வேறொரு டெம்ப்ளேட்டில் வைப்பது. இட்டரேட்டர் ட்ரெய்ட்ஸ் அப்படி அமைந்தது; பாயிண்டருக்கென்று தனிப் பதிப்பு எழுதியதும் முடிச்சு அவிழ்ந்தது. அதே உத்தி பூஸ்ட் லைப்ரரியில் எல்லா டைப்புகளுக்குமாக விரிந்து, சி++11-இல் டைப் ட்ரெய்ட்ஸாகத் தரத்துக்குள் வந்தது.

டெம்ப்ளேட்டுக்கு வரும் டைப் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளை எழுதிவைக்கும் கான்செப்ட்ஸ் என்ற வசதி சி++20-இல் வந்தது. முன்பெல்லாம் லிஸ்டை வரிசைப்படுத்தும் 'சார்ட்'டிடம் கொடுத்தால் லைப்ரரியின் ஆழத்திலிருந்து பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி கொட்டும். இப்போது 'ரேஞ்சஸ் சார்ட்'டிடம் கொடுத்தால், ரேண்டம் ஆக்சஸ் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை என்று அழைத்த வரியிலேயே கம்பைலர் மறுத்துவிடுகிறது. இனி டேக் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் கான்செப்டும் டேக்கைப் பார்க்கத்தான் செய்கிறது. விசைப்பலகையிலிருந்து படிக்கும் இட்டரேட்டரால் ஒருமுறை கடந்ததை மறுபடி படிக்க முடியாது. லிஸ்டின் இட்டரேட்டரால் முடியும். முன்னோக்கிப் படிப்பதற்கு, எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ஆபரேட்டர்கள்தான். எது எந்த வகை என்பதை இட்டரேட்டரை எழுதியவர் டேக் வழியாகச் சொன்னால்தான் கம்பைலருக்குத் தெரியும்.