செய்தி சொல்லத் தப்பியவர்கள்

புயல் ஓய்ந்த விடியலில் கடற்கரை மக்களின் வாயிலிருந்து முதலில் எழும் கேள்வி வீட்டைப் பற்றியதன்று, படகைப் பற்றியதுமன்று. "யார் இருக்கிறார்கள்? யார் இல்லை?" என்பதே அக்கேள்வி. சோறும் துணியும் கூரையும் அதற்குப் பின்னரே நினைவுக்கு வருகின்றன. அந்தக் கேள்விக்கு உண்மையான விடையை ஒருவர் மற்றவருக்குச் சொல்வதும் ஓர் அறப்பணியே என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பசித்தோர்க்கு உணவளித்தலையும் இறந்தோரை அடக்கம் செய்தலையும் இரக்கச் செயல்களாகத் திருச்சபை நமக்குக் கற்பித்துள்ளது. பேரழிவின் நாளில் உண்மைச் செய்தியைச் சுமந்து செல்வதும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது என்பதற்கு 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரில் நிகழ்ந்தவை சான்றாக நிற்கின்றன.

டெக்சாஸ் மாநிலத்தின் கரையை ஒட்டி, மெக்சிகோ வளைகுடாவில் நீண்டு கிடக்கும் ஒரு மணல் தீவின்மீது அமைந்தது கால்வெஸ்டன். பருத்தி ஏற்றுமதியால் செழித்த துறைமுகம் அது. அப்போது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 38,000 பேர். நகரின் மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்திற்கு மேல் 9 அடிக்கும் குறைவான உயரமே கொண்டிருந்தது. அதே கரையில் இருந்த இண்டியனோலா என்னும் துறைமுகம் 1875லும் 1886லும் வீசிய புயல்களால் அழிந்தது. அதைக் கண்டு கால்வெஸ்டனுக்கும் ஒரு கடற்சுவர் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது; எழுந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று. நகரின் வானிலை அதிகாரியான ஐசக் கிளைன், பெரும் புயல் ஒன்று இந்நகருக்குக் கடுந்தீங்கு செய்யும் என்று அஞ்சுவது மதியீனம் என்ற கருத்தில் 1891ஆம் ஆண்டு உள்ளூர் நாளிதழில் எழுதியிருந்தார்.

மறுக்கப்பட்ட செய்தி

வங்கக் கடலில் நாம் புயல் என்று சொல்வதையே அட்லாண்டிக் கரையோர் ஹரிக்கேன் என்பர். அதன் போக்கை அறிவதில் அக்காலத்தில் பெரும்பெயர் பெற்றிருந்தது கியூபாவின் ஹவானா நகரில் இயேசு சபையினர் நடத்திய பெலன் கல்லூரியின் வானிலை ஆய்வகம். அருள்தந்தை பெனிட்டோ வீனியெஸ் பல ஆண்டுகள் மேகங்களின் ஓட்டத்தையும் காற்றழுத்தத்தையும் கண்காணித்துப் புயல்களை முன்னறிவிக்கும் முறையை அங்கு வளர்த்தார். 1893ல் அவர் இறந்தபின் அருள்தந்தை லொரென்சோ கங்கோயித்தே அப்பணியைத் தொடர்ந்தார்.

1898ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கியூபா அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. அமெரிக்க வானிலைத் துறையினர் கியூப அறிஞர்களைத் தேவையின்றி மக்களை அச்சுறுத்துவோராகவே மதித்தனர். அதனால் 1900ஆம் ஆண்டின் புயற்காலத்தில், கியூபாவிலிருந்து வானிலை குறித்த தந்திகள் செல்லாதவாறு போர்த்துறையின் வழியாகத் தடை பெற்றனர். அந்நிலையில்தான் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது வடகிழக்கே திரும்பி அட்லாண்டிக் கரையோரம் சென்றுவிடும் என்று வாஷிங்டன் எண்ணியது. அது வளைகுடாவுக்குள் புகுந்து டெக்சாஸ் நோக்கிச் செல்கிறது என்று கங்கோயித்தே கணித்தார். அவர் கணிப்பே மெய்யாயிற்று. ஆயினும், அந்தச் செய்தி கால்வெஸ்டனை எட்டவில்லை. அறிவு இல்லாமையைக் காட்டிலும், பிறரிடமும் அறிவு உண்டு என்று ஏற்க மறுத்த செருக்கே அங்கே பெருந்தடையாக நின்றது.

அறுந்த கம்பி

1900 செப்டம்பர் 8, சனிக்கிழமை. அன்னை மரியாவின் பிறப்பு விழா. வேளாங்கண்ணித் திருவிழாவாக நம் கரை முழுவதும் அறிந்த அதே நாள். அன்று காலையிலேயே கால்வெஸ்டனின் தெருக்களில் கடல் புகத் தொடங்கியது. சிறுவர்கள் அந்நீரில் விளையாடினர். நண்பகலுக்குப்பின் காற்றும் நீரும் ஒருங்கே உயர்ந்தன. ஐசக் கிளைனின் தம்பி ஜோசப், தாமும் வானிலைத் துறையில் பணிபுரிந்தவர். அவர் நீரில் நடந்து தந்தி நிலையங்களுக்குச் சென்றபோது கம்பிகள் யாவும் அறுந்திருந்தன. எஞ்சியிருந்த ஒரு தொலைபேசி இணைப்பின் வழியாக, நகரம் நீரில் மூழ்குகிறது என்னும் செய்தியை ஹூஸ்டனுக்குச் சொல்லி முடித்தார். சிறிது நேரத்தில் அந்த இணைப்பும் அற்றது. தீவையும் நிலப்பகுதியையும் இணைத்த பாலங்கள் அனைத்தும் சிதைந்தன. 15 அடிக்கு மேல் எழுந்த கடல் தீவையே மூடியது.

மறுநாள் ஹூஸ்டனிலிருந்து புறப்பட்ட இரயில் ஒன்று விரிகுடாக் கரைக்கு 6 மைல் தொலைவிலேயே நின்றுவிட்டது. புல்வெளியெங்கும் மரத்துண்டுகளும் மனித உடல்களும் கிடந்தன. இரயிலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 200 உடல்களை எண்ணினர். பெரிய கப்பல் ஒன்று நிலத்துக்குள் 2 மைல் தள்ளிக் கிடந்தது. கால்வெஸ்டன் கண்ணுக்குத் தெரியவில்லை. இச்செய்தியை வாஷிங்டனுக்கு அனுப்பிய ஹூஸ்டன் தந்தி நிலையத் தலைவர், இங்கு வானம் தெளிவாக உள்ளது, மென்காற்று வீசுகிறது என்றும் அதில் சேர்த்திருந்தார்.

தீவுக்குள்ளிருந்து செய்தி வெளியேறிய விதமும் அறியத்தக்கது. உயிர் பிழைத்தோர் ஞாயிறன்றே கூடி ஒரு குழு அமைத்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட 6 பேர், துறைமுகத்தில் தப்பி நின்ற சில கலங்களுள் ஒன்றில் விரிகுடாவைக் கடந்தனர். கரையேறியபின் சிதைந்த நிலத்தின் வழியே வழிதேடிச் சென்று, 10ஆம் தேதி பின்னிரவு 3 மணியளவில் ஹூஸ்டன் தந்தி நிலையத்தை அடைந்தனர். டெக்சாஸ் ஆளுநர் சேயர்ஸுக்கும் குடியரசுத் தலைவர் மக்கின்லிக்கும் நகரம் பாழ்பட்டது என்ற செய்தி அங்கிருந்தே போயிற்று. இறந்தோர் 500 பேர் இருக்கலாம் என்று அவர்கள் கூறினர். கேட்டவர்களோ அது மிகைக்கூற்று என்றே கருதினர். உண்மையில் மாண்டோர் 6,000க்குக் குறையார். 8,000 என்பதே பெரும்பாலும் ஏற்கப்படும் எண்ணிக்கை. 12,000 வரை இருக்கலாம் என்போரும் உளர். அமெரிக்க வரலாற்றில் இயற்கைச் சீற்றம் ஒன்றினால் இத்தனை உயிர்கள் பலியானது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மூன்று சிறுவர்களின் சாட்சியம்

நகருக்கு மேற்கே கடற்கரையோரம் நின்றது புனித மரியா அநாதை இல்லம். மனுவுருவான வார்த்தையின் பிறரன்புச் சகோதரிகள் அதை நடத்திவந்தனர். அன்று அங்கே 93 பிள்ளைகளும் 10 அருட்சகோதரிகளும் இருந்தனர். அவர்களுள் அருட்சகோதரி எலிசபெத் ரயன் காலையில் உணவுப்பொருள்கள் வாங்க நகருக்கு வந்திருந்தார். புயல் தணியும்வரை மருத்துவமனையிலேயே தங்கும்படி அங்கிருந்த சகோதரிகள் வேண்டினர். பிள்ளைகளுக்கு இரவு உணவு வேண்டுமே என்று சொல்லி அவர் திரும்பிச் சென்றார்.

கடல் மணல்மேடுகளைக் கரைத்துக் கட்டடத்தைச் சூழ்ந்தபோது, வலுவான கட்டடமாயிருந்த பெண்பிள்ளைகளின் விடுதிக்குச் சகோதரிகள் அனைவரையும் கொண்டு சேர்த்தனர். அச்சம் தீர, கடலலைகளின் அரசியாகிய மரியன்னையை விளித்துப் பாடும் பிரெஞ்சுப் பாடலொன்றைப் பிள்ளைகளைப் பாடச் செய்தனர். பின்னர் துணி உலர்த்தும் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி, பிள்ளைகளை வரிசையாக இணைத்துத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டனர். கட்டடம் சரிந்தது. 10 சகோதரிகளும் 90 பிள்ளைகளும் மாண்டனர். நீரில் விழுந்த மூன்று சிறுவர்கள் மட்டும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு ஒரு நாளுக்கும் மேலாக மிதந்து பிழைத்தனர். அவர்கள் நகரை அடைந்து சகோதரிகளிடம் சொன்னதால்தான் அந்த இல்லத்தின் கடைசி மணிநேரங்களை உலகம் அறிந்தது. யோபு நூலில் ஒவ்வொரு பேரிடரிலிருந்தும் ஒரே ஒரு பணியாள் தப்பிவந்து தலைவனிடம் நிகழ்ந்ததைச் சொல்வதை நாம் வாசித்திருக்கிறோம். அந்தச் சுமையை இங்கே சிறுவர்கள் சுமந்தனர்.

அவர்கள் சொன்னதற்குக் கடலே சான்று தந்தது. கயிற்றால் பிள்ளைகளோடு பிணைக்கப்பட்ட நிலையிலேயே சகோதரிகளின் உடல்கள் கிடைத்தன. கிடைத்த இடங்களிலேயே அவர்கள் அவ்வாறே புதைக்கப்பட்டனர். விரிகுடாவின் மறுகரையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு சகோதரி இரு குழந்தைகளை இறுக அணைத்திருந்தார்.

துயரச் செய்திகளுக்கு நடுவே வேறுவகைச் செய்திகளும் இருந்தன. உர்சுலின் சகோதரிகளின் கன்னியர் மடம் ஏறத்தாழ 1,000 பேருக்கு அடைக்கலம் தந்தது. அந்த இரவில் அங்கே நான்கு குழந்தைகள் பிறந்தன. நகரின் ஆலயங்கள் பல இடிந்தபோதும், உச்சியில் கடலின் விண்மீனாகிய அன்னையின் சிலையைத் தாங்கிய பேராலயம் நிலைத்து நின்றது. அதன் பங்குத்தந்தையான ஜேம்ஸ் கிர்வின் துயர்துடைப்புப் பணியில் முன்னின்றார்.

பெயர்ப் பட்டியலும் பொய்ச்சான்றும்

இத்தனை உடல்களை அடக்கம் செய்ய இடமும் இல்லை, ஆளும் இல்லை. ஏறத்தாழ 700 உடல்களைக் கலத்தில் ஏற்றி, எடைகட்டிக் கடலில் இட்டனர். அலைகள் அவற்றுள் பலவற்றைக் கரைக்கே கொண்டுவந்தன. அதன்பின் கிடைத்த இடத்திலேயே எரித்தனர். வாரக்கணக்கில் அத்தீ எரிந்தது. கல்லறை இல்லாத இந்தச் சாவுகளுக்குப் பெயர் எழுதும் இடமாயிற்று உள்ளூர் நாளிதழ். அது நாள்தோறும் இறந்தோர் பட்டியலை வெளியிட்டது. உறவினரும் அண்டை வீட்டாரும் தாம் அறிந்ததைத் தெரிவிக்கத் தெரிவிக்க அப்பட்டியல் வளர்ந்தது. இறந்தோரை அடக்கம் செய்ய இயலாத மக்கள் அவர்களின் பெயர்களையேனும் காக்க முயன்றனர்.

அதே நாள்களில் வேறொரு வகைச் செய்தியும் பரவியது. பிணங்களின் விரல்களை வெட்டி மோதிரம் திருடியதாகக் கூறிக் கறுப்பின மக்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்று தொலைதூர நகரங்களின் இதழ்கள் பரபரப்பாக எழுதின. அந்தக் கதைகள் சொன்ன பெரும் எண்ணிக்கைகளுக்கு உறுதியான ஆதாரம் பின்னர் கிடைக்கவில்லை. மாறாக, உடல்களை அகற்றும் கொடிய வேலைக்குத் துப்பாக்கி முனையில் இழுத்துச் செல்லப்பட்டவர்களுள் பலர் கறுப்பினத்தார் என்பதே உண்மை. வீட்டையும் உறவினரையும் இழந்தவர்கள்மீதே திருட்டுப் பட்டமும் சுமத்தப்பட்டது. பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை அமைதிக் காலத்துக்கு மட்டும் தரப்பட்டதன்று. எல்லாரும் அஞ்சி நடுங்கும் வேளையில்தான் அதை மீறுவது எளிது. மீறப்பட்டதை அறிவது கடினம்.

வானிலை அதிகாரி ஐசக் கிளைன் அந்த இரவில் தம் மனைவியை இழந்தார். இருந்தும் அலை எங்கே எவ்வளவு எழுந்தது, காற்று எவ்வாறு திசை மாறியது, நகரில் எப்பகுதி அழிந்தது என்பதையெல்லாம் விரிவாக எழுதி அறிக்கையாக அளித்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் தம் 78ஆம் வயதில் கால்வெஸ்டன் வந்து துயர்துடைப்புப் பணியை நடத்தினார். 1904க்குள் 17 அடி உயரமுள்ள கடற்சுவர் 3 மைலுக்கு மேல் எழுந்தது. வீடுகளையும் ஆலயங்களையும் திருகுதூக்கிகளால் உயர்த்தி, அடியில் மணலை நிரப்பி, நகரின் தரைமட்டத்தையே உயர்த்தினர். 1915ல் வந்த பெரும்புயலில் நகரம் அச்சுவரால் காக்கப்பட்டது. நேர்ந்ததை ஒளிக்காமல் எழுதி வைத்தவர்கள் இல்லாவிடில், எவ்வளவு உயரத்துக்குச் சுவர் வேண்டும் என்பதை யார் அறிந்திருப்பார்?

அநாதை இல்லம் நின்ற இடத்தில் 1994ஆம் ஆண்டு ஒரு நினைவுப் பலகை நாட்டப்பட்டது. அச்சபையின் சகோதரிகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று, தாங்கள் பணிபுரியும் இடங்களில் அந்தப் பழைய பாடலைப் பாடி இறந்தோரை நினைவுகூர்கின்றனர்.

இன்று வானிலிருந்து புயலைப் பார்க்கிறோம்; கையிலுள்ள கருவியில் ஒரு நொடியில் செய்தி அனுப்புகிறோம். கங்கோயித்தேயின் தந்தியைத் தடுத்தது போல இன்று எவரும் எளிதில் தடுக்கமுடியாது. ஆனால், ஆராயாமல் அனுப்பும் ஒரு வதந்தி அக்காலத்து நாளிதழைவிட விரைவாக ஓடுகிறது. ஆகவே கரையில் நிற்கும் நம் ஒவ்வொருவரின் பொறுப்பும் பெருகியுள்ளது. கண்டதைக் கண்டவாறு சொல்லவும், அறியாததை அறிந்ததுபோல் பரப்பாதிருக்கவும், இறந்தோரை வெறும் எண்ணாக்கிவிடாமல் பெயரோடு நினைவில் வைக்கவும் நாம் கடமைப்பட்டுள்ளோம். மரத்தைப் பற்றிப் பிழைத்த அம்மூன்று சிறுவர்களும் நகரை அடைந்தவுடன் செய்தது இதைத்தான்.