அலகாபாத்தின் பனிக்கட்டிப் பாத்திகள்

அலகாபாத்தில் குளமோ தொட்டியோ உறைந்து கண்டதில்லை என்று எழுதியவர் சர் ராபர்ட் பார்க்கர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைக்குத் தலைமை தாங்கிய அவரே, அதே ஊரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்கட்டி எடுக்கும் முறையையும் விவரித்தார். அவருடைய கட்டுரை 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

வேலை நிலத்தில் தொடங்கியது. முப்பதடிச் சதுரமாக, இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, அடியில் காய்ந்த கரும்புத் தட்டையையோ மக்காச்சோளத் தட்டையையோ எட்டு அங்குலம் முதல் ஓரடி கனம் வரை பரப்பினார்கள். அதன்மேல் மெருகிடாத மண் தட்டுகளை நெருக்கமாக அடுக்கினார்கள். தட்டின் ஆழம் ஒன்றேகால் அங்குலம்தான். காய்ச்சி ஆறவைத்த நீரை அந்தி சாயும் வேளையில் ஊற்றிவிட்டு, விடியுமுன் வந்து உறைந்ததைச் சேகரித்தார்கள். அது பதினான்கு, பதினைந்தடி ஆழக் குழிக்குள் போனது. வைக்கோலும் கம்பளியும் விரித்த அந்தக் குழியில் இடித்துக் கெட்டியாக்கி, கோடை வரும்வரை மூடி வைத்தார்கள்.

நீரைக் காய்ச்சுவதற்குப் பலன் உண்டா என்பதை, எடின்பரோவின் ஜோசப் பிளாக் அதே 1775இல் சோதித்தார். காய்ச்சாத நீர் அசையாமல் இருந்தால், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் திரவமாகவே நின்றது. காய்ச்சிய நீர் உறைநிலையைத் தொட்டதும் கட்டியாகத் தொடங்கியது. நீர் உறையும்போது வெப்பநிலை மாறாமலே வெளிவிடும் உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்தவரும் இவர்தான். 0 டிகிரி நீர் ஒரு கிராம் உறைய, சுமார் 80 கலோரி வெப்பத்தை இழந்தாக வேண்டும். ஒரே இரவில் அவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டுமென்றால் நீர் மெல்லிய படலமாக இருக்க வேண்டும். தட்டுகள் ஆழமற்றிருந்ததன் பொருத்தம் அதில் விளங்கும்.

ஆனால் காற்று உறைநிலைக்கு இறங்காதபோது நீர் மட்டும் எப்படி இறங்கியது? மண்பானை நீரைக் குளிர்விப்பதுபோல ஆவியாதல்தான் காரணம் என்ற விளக்கம் வெகுநாள் நிலவியது. அதைக் கவிழ்த்த தடயம் வேலையாட்களின் வழக்கத்திலேயே இருந்தது. 1793இல் காசியின் முறையை விவரித்த லாயிட் வில்லியம்ஸ், வைக்கோல் நனைந்துவிட்டால் அதை எடுத்துவிட்டு உலர்ந்ததைப் போடுவார்கள் என்று பதிவு செய்திருந்தார். ஆவியாதலே காரணமென்றால் ஈர வைக்கோல் உதவியிருக்க வேண்டுமே! லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் வெளியிட்ட பனித்துளி பற்றிய நூலில் இந்த முரணைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்திலேயே வைக்கோல்மேல் நீரை உறையவைத்தும் பார்த்தார். தெளிந்த இரவில் நீர் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு இழக்கிறது. உலர்ந்த வைக்கோல் தரையின் சூடு மேலேறாமல் தடுக்கிறது. நனைந்தால் அந்தத் தடுப்பு போய்விடும். மேகம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது, காற்று வீசினால் சூடான காற்று வந்து நீரைத் தொடுகிறது. ஆகவே அசைவற்ற, மேகமில்லாத இரவுகளே நல்ல விளைச்சல் தந்தன. பாத்தி வெட்டியவர்கள் கோட்பாடு எதுவுமின்றி இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் இந்தக் கட்டுரைகளில் இல்லை.

கல்கத்தாவுக்கு ஹூக்ளிப் பக்கத்துப் பாத்திகளிலிருந்து வந்த பனிக்கட்டி சேறு கலந்து குழைவாக இருந்தது. 1833 செப்டம்பரில் பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடரின் ஏரிப் பனிக்கட்டிச் சரக்கோடு டஸ்கனி கப்பல் அங்கே வந்தது. ஏற்றிய 180 டன்னில் நான்கு மாதப் பயணத்துக்குப் பின்னும் சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. கண்ணாடிபோல் தெளிந்த அந்த ஏரிப் பனிக்கட்டிக்கு முன்னால் உள்ளூர்ச் சரக்கு நகரத்தில் நிற்க முடியவில்லை. சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸும் டியூடரின் கிடங்காக எழுந்ததுதான். கப்பல் வணிகத்தின் காலமும் நீளவில்லை. 1878இல் கல்கத்தாவில் வங்காள ஐஸ் கம்பெனி தொடங்கி, இயந்திரப் பனிக்கட்டியை மலிவாக விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் கப்பல்கள் வருவது நின்றுபோனது.