புழுங்கல் அரிசியும் பி மாத்திரையும்

செரண்டாவில் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பலருடைய மருந்து டப்பாவில் பி வைட்டமின் இல்லாமல் இருக்காது. கால் மரத்தால் அதுதான் கைவைத்தியம். அந்த வைட்டமினின் வரலாற்றில் தோட்டத்துச் சோற்றுப்பானைக்கும் இடமுண்டு.

நூறு வருஷத்துக்கு முன் மலாயா ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கால் மரத்து, வீங்கிச் செத்தார்கள். தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. காரணம் அரிசி என்றார் டாக்டர் பிராடன். அவர்கள் தின்றது தீட்டிய சயாம் அரிசி, நம்மாட்கள் தின்றது புழுங்கல். 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு அரிசி கொடுத்தார். வெள்ளை அரிசிப் பக்கம் பெரிபெரியில் 18 பேர் இறந்தார்கள், புழுங்கல் பக்கம் ஒருவரும் இல்லை. மாட்டேன் என்று சொல்ல வழியில்லாதவர்கள்மேல் நடந்த சோதனை. கைதட்ட மனசு வரல.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவித்தால் தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. 'வைட்டமின்' என்ற பெயரை ஃபங்க் வைத்ததே 1912இல்தான்.

இன்று பெரியவர்களுக்குக் கால் மரத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இனிப்புநீரை. அதற்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் சிலருக்குக் குறைவது பி1 அல்ல, பி12. அது எந்த அரிசியிலும் கிடையாது. குறைகிறதா என்பது ரத்தம் சோதித்தால்தான் தெரியும்.