பள்ளிக்கூடத்துக்கு மார்க் போட்டவர்கள்



கூட்டமைப்பின் மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். குழுக்கள் வளர்ந்த கதையையும் வங்கிக் கடன் வாங்கிய கதையையும் மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் நம்ம பகுதிப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் நம் தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கிறது. மே, ஜூன் மாதக் கூட்டப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். உள்கடன் கேட்ட காரணம் வரிசையாக ஒன்றுதான்: "பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ்."

தெருமுனையில் இருக்கிற மாநகராட்சிப் பள்ளியைத் தாண்டி, வேன் வைத்து, வட்டிக்கு வாங்கி, பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்புகிறோம். கேட்டால் "அது நல்ல ஸ்கூல், இது சரியில்ல" என்கிறோம். எங்கே சேர்ப்பது என்பது அந்தந்தத் தாயின் உரிமை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் "நல்ல ஸ்கூல்" என்று எதை வைத்துச் சொல்கிறோம்? டையும் ஷூவும் வைத்தா, வாசலில் இருக்கிற போர்டை வைத்தா? இதே கேள்வி இந்த ஊரில் 200 வருஷமாக இருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் வந்து பள்ளிக்கு மார்க் போட்டிருக்கிறார். அவர்கள் என்ன அளவுகோல் வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் நமக்கும் கொஞ்சம் தெளிவு வரும்.

தலைக்கணக்கு

தீவுத்திடல் பக்கம் பஸ்ஸில் போகும்போது குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் தாமஸ் மன்றோ, சென்னை மாகாண கவர்னர். 1822-ல் அவர் எல்லா மாவட்ட கலெக்டர்களுக்கும் ஒரு உத்தரவு போட்டார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்தெந்த சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கணக்கு அனுப்பச் சொன்னார். அந்தக் கணக்கு வந்து சேர சில வருஷம் ஆனது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண் பிள்ளைகள் ஐயாயிரம் பேர் கூட இல்லை.

பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதைத் தலைக்கணக்கு சொல்லாது. ஆனால் யார் உள்ளே இல்லை என்று சொல்லிவிடும். நம் பாட்டிக்குப் பாட்டி திண்ணைப் பள்ளிக்கு வெளியே நின்றிருந்தாள் என்று அந்தக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது.

பாஸானால் பணம்

அடுத்து வந்தவர் இன்ஸ்பெக்டர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்க ஒரு முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். எத்தனை பேர் தேறுகிறார்களோ அதற்கு ஏற்றபடி பள்ளிக்கு மானியம். இங்கிலாந்திலும் 1862 முதல் இதே மாதிரி ஒரு முறை இருந்தது. இரண்டு இடத்திலும் ஒரே குறை வந்தது. வாத்தியார்கள் இன்ஸ்பெக்டர் கேட்கப்போவதை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தேறமாட்டான் என்று தெரிந்த பிள்ளை மேல் கவனம் போகவில்லை.

இது நமக்குப் புதுசு இல்லை. நம் குழுவுக்கு வங்கியில் கிரேடிங் போடும்போது என்ன பார்த்தார்கள்? கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துவது, கணக்குப் புத்தகம். இந்த ஐந்தும் வேண்டியதுதான். ஆனால் நோட்டு சுத்தமாக இருந்தும் உள்ளே ஒருத்திக்கு ஒருத்தி முகம் கொடுத்துப் பேசாத குழுவும் உண்டு, நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தும் கஷ்ட காலத்தில் ஓடி வருகிற குழுவும் உண்டு. நோட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது.

அதற்காக இன்ஸ்பெக்டர் அளவுகோல் வீண் என்று தள்ளிவிட முடியாது. அடையாறு பக்கத்துச் சகோதரிகளுக்கு ஊரூர் ஆல்காட் குப்பம் தெரியும். அந்தப் பேருக்கு உரியவர் கர்னல் ஆல்காட், அமெரிக்காக்காரர். 1882-ல் பிரம்மஞான சபையின் தலைமையிடம் அடையாறுக்கு வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பல பள்ளிகள் வாசற்படி ஏறவிடாத காலம் அது. 1894-ல் ஆல்காட் அந்தப் பிள்ளைகளுக்காக ஊரூரில் ஒரு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த சில வருஷத்தில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர் பள்ளிக்கு வைத்த பேர் திருவள்ளுவர். ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலைக்குப் பாடுபட்ட அயோத்திதாசப் பண்டிதரும் ஆல்காட்டோடு சேர்ந்து செயல்பட்டார். 'இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது' என்று சொன்னவர்களுக்கு முன்னால், அரசுத் தேர்வில் பிள்ளைகள் தேறியதை ஆல்காட் எடுத்து வைத்தார். யாரும் மதிக்காத பிள்ளைக்கு வெளியாள் போட்ட மார்க் ஒரு சாட்சியாக நின்றது. ஊரூரில் தொடங்கிய அந்தப் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பேரில் இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது.

ஒரு அணா சோறு

தி.நகர் யார் பேரில் இருக்கிறது? ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போகிற நம்மில் பாதிப் பேருக்குச் சட்டென்று ஞாபகம் வராது. சர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சித் தலைவர், சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். 1920 செப்டம்பரில் மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு போட வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மிகவும் ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று தியாகராயர் காரணம் சொன்னார்.

பள்ளியில் பிள்ளை குறைந்தால் 'வாத்தியார் சரியில்லை, பள்ளி சரியில்லை' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இவர் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தார். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-ல் 811 ஆக இருந்த எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆனது. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு! ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பிறகு சிறிய அளவில் மறுபடி தொடங்கியது.

அந்த ஒரு அணா சோறுதான் பின்னால் பெரிதாக வளர்ந்தது. 1956-ல் காமராசர் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம். 2023 ஆகஸ்டில் காலை உணவு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. பல மாவட்டங்களில் அந்த உப்புமாவையும் பொங்கலையும் சமைக்கிற கை நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களின் கை.

காமராசர் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். எங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று ஊராரே பட்டியல் போட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை, சுண்ணாம்பு, சீருடை, நிலம் என்று அவரவரால் முடிந்ததைக் கொடுத்தார்கள். குறை கண்டுபிடிக்கிற வேலையையும் அதைச் சரி செய்கிற வேலையையும் ஒரே ஆட்கள் செய்தார்கள்.

பாயில் உட்கார்ந்த வகுப்பு

2003-ல் நம்ம சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு மாற்றம் வந்தது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியில், ஆசிரியர்கள் ஆந்திராவில் இருக்கிற ரிஷி வேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள். முதலில் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய், 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் போனது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கையில் அட்டை, சுவரில் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. ஒரு அட்டையை முடித்த பிள்ளை அடுத்த அட்டைக்குப் போகும், முடிக்காத பிள்ளைக்கு அவசரம் இல்லை.

அப்போது பெற்றோர் பேசினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "என்னம்மா ஸ்கூல் இது? ஹோம்வொர்க் இல்ல, ராங்க் இல்ல, புள்ளைங்க தரையில உக்காந்து அட்டையை வெச்சு விளையாடுதுங்க!" அதில் நியாயமும் உண்டு. ஒரே ஆசிரியர் நாற்பது பிள்ளையின் அட்டையையும் கவனிப்பது லேசு இல்லை. ஆனால் இந்த முறை ஒரு புது அளவுகோலைக் கொண்டு வந்தது. வகுப்பு எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று கேட்காமல், இந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டது. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பிரித்தார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலை என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறீர்களா?

இப்போது நம்ம முறை

மன்றோ, இன்ஸ்பெக்டர், தியாகராயர், ஆணையர். இவர்கள் எல்லாரும் மேலிருந்து வந்து பார்த்தவர்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அந்த இடத்தில் தாய்மார்களையும் உட்கார வைத்தது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, பெற்றோரில் ஒரு பெண்ணையே தலைவராக வைத்தார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருகிற கூட்டமாக அதை விட்டுவிடக் கூடாது.

உள்ளே போனால் எதைப் பார்ப்பது? வரலாறு சொல்லிக் கொடுத்ததையே வரிசையாக வைத்திருக்கிறேன்.

ஒன்று, தலை எண்ணுங்கள். ரெஜிஸ்டரில் எத்தனை பேர், இன்றைக்கு வகுப்பில் எத்தனை பேர்? திங்கட்கிழமை போனால் உண்மை தெரியும். வராத பிள்ளையின் பேரைக் கேளுங்கள்.

இரண்டு, வாசிக்க வையுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். எங்கள் சந்தில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இங்கிலீஷ் பாடத்தைக் கடகடவென்று சொன்னாள். அவள் விரல் வேறு வரியில் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் படிப்பது கட்டணப் பள்ளியில். மாநகராட்சிப் பள்ளியிலும் நான்காம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத பையனைப் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தப் பள்ளியாக இருந்தாலும், ரேஷன் கடை அறிவிப்பையோ பேப்பரில் நான்கு வரியையோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இதற்கு நீங்கள் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

மூன்று, சோறு, தண்ணீர், கழிவறை. சமையலைச் சுவைத்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளின் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று நாமே போய்ப் பார்க்க வேண்டும்.

நான்கு, பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பாருங்கள். டீச்சர் அந்தப் பிள்ளையை ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா?

ஐந்து, எண்ணிக்கை குறைந்தால் ஏன் என்று விசாரியுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு ஆற்றங்கரைக் குடும்பங்களைப் படிப்பு நடுவிலேயே பெரும்பாக்கத்துக்குக் கொண்டு போனார்கள். இங்கே பள்ளியில் இடம் காலியானது, அங்கே பிள்ளை பள்ளியில்லாமல் நின்றது. இப்படிக் குறைகிற எண்ணிக்கைக்குப் பள்ளி என்ன செய்யும்?

இதில் நம் பங்கும் இருக்கிறது. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அதற்கு மேல் போனால்தான் மூன்றாவது ஆசிரியர். நாம் பத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனால் ஒரு ஆசிரியரும் போய்விடலாம். ஒரே டீச்சர் மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்துவார். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போவார்கள். கடைசியில் எங்கேயும் ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை மட்டும் அங்கே மிஞ்சும். அந்த வீடும் நம் குழு வீடுதான்.

ஆகவே கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு குழுவும் தன் பகுதி மாநகராட்சிப் பள்ளிக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக வைக்கட்டும். மேலே சொன்ன ஐந்தையும் அவர்கள் மாதம் ஒரு தடவை நேரில் பார்த்து வந்து குழுக் கூட்டத்தில் சொல்லட்டும். நல்லது இருந்தால் அந்த டீச்சருக்கு நேரில் போய் நன்றி சொல்வோம். குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்வோம். வருகிற ஜூனில் ஃபீஸுக்குக் கடன் கேட்டு வருகிற சகோதரிக்குக் கடன் கொடுப்போம். கொடுப்பதற்கு முன்னால், பக்கத்துப் பள்ளியைப் பற்றி நாம் பார்த்து எழுதின பக்கத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டுவோம்.